எல்லை தாண்டினால் வேற சட்டம், வேற டம்ளர்

கேள்வி: 2025 ஜூன் 3

"தமிழனுக்குக் குடிக்கத் தெரியாது. கோவாக்காரன் ஒரு கிளாஸை வைத்துக்கொண்டு சாயங்காலம் முழுக்கப் பேசுகிறான். பாண்டிச்சேரியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து குடிக்கிறார்கள். நம்மாள் குவார்ட்டரைத் திறந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் ஊற்றிவிட்டு ரோட்டோரம் கிடக்கிறான். இது ரத்தத்தில் வந்த குணம். நாடு முழுக்க ஒரே மதுச் சட்டம் போட்டாலும் இவன் திருந்த மாட்டான். யாராவது மறுக்க முடியுமா?"
நாகப்பட்டினத்திலிருந்து ஒருவர்.

ஜூன் 4, இரவு

மறுக்கலாம். பாண்டிச்சேரிக்காரனும் தமிழன்தான், உங்கள் வாதம் அங்கேயே பாதி சரிந்துவிட்டது. உங்கள் ஊரும் பாண்டிச்சேரியைச் சேர்ந்த காரைக்காலும் ஒரே பேச்சு, ஒரே மீன் குழம்பு, ஒன்றுக்குள் ஒன்று கல்யாணம். நடுவில் இருப்பது ஒரு செக்போஸ்ட். அந்தப் பக்கம் தனியார் கடை, குறைந்த வரி, 18 வயது ஆனால் போதும், சாராயக்கடையும் உண்டு. இந்தப் பக்கம் டாஸ்மாக், 21 வயது, பகல் 12 மணி முதல் இரவு 10 வரை. செக்போஸ்ட்டில் ரத்தமா மாறுகிறது?

நான் திருச்செங்கோட்டு ஆள். ஆழ்துளைக் கிணறு, அதாவது போர்வெல், தோண்டுகிற ரிக் வண்டியில் மேனேஜர். போர் போடப் போகாத மாநிலம் குறைவு. மழை பிடித்துவிட்டால் வண்டி ஊருக்கு வந்துவிடும், அதனால் இப்போது எழுத நேரம் இருக்கிறது. ராடு இறக்கி ஏற்றி உடம்பெல்லாம் கல்தூள் படிந்து நிற்கிற பையன்கள், நல்ல தண்ணீர் விழுந்த ராத்திரி என்ன கேட்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. வாங்கி வருவது மேனேஜர் வேலை. எந்த ஊரில் எத்தனை மணிக்கு, எங்கே, எப்படி என்பதெல்லாம் எனக்குத் தொழில் அறிவு. நான் குடிப்பதை விட்டு ரொம்ப காலம் ஆகிறது. வாங்குவதை விட முடியவில்லை.

நம்ம ஊர்க் கடை வாசலில் ஒரு அரை மணி நேரம் நின்று பாருங்கள். கம்பிக்குப் பின்னால் இருந்து பாட்டில் வரும். உட்கார இடம் வேண்டுமென்றால் பார். அங்கே டம்ளர், தண்ணீர் பாக்கெட், சுண்டல் எல்லாவற்றுக்கும் தனிக் காசு. கூலிக்காரன் கையில் இருப்பது சில நாள் முழு குவார்ட்டருக்கே பத்தாது. வாசலில் தன்னைப் போலவே நிற்கும் இன்னொருவனைப் பார்த்து "கட்டிங்?" என்பான். முன்பின் தெரியாத இரண்டு பேர் காசு சேர்த்து 180 மில்லி வாங்கி, மதில் மேல் இரண்டு பிளாஸ்டிக் டம்ளரை ஒட்டி வைத்து, கண் மட்டத்துக்குக் குனிந்து அளவு பார்த்துப் பார்த்து ஊற்றுவார்கள். நகைக்கடைத் தராசில்கூட அவ்வளவு கவனம் இருக்காது. தண்ணீர் பாக்கெட்டின் மூலையைப் பல்லால் கடித்துப் பீய்ச்சி, ஒரே மடக்கு. முகத்தைச் சுளித்து, ஊறுகாயை நக்கி, ஆளுக்கொரு திசை. பேர்கூடக் கேட்டுக்கொள்வதில்லை.

உட்கார இடமில்லாதவன், சொந்தக்காரன் பார்த்துவிடுவானோ என்று பயப்படுகிறவன், பத்து மணிக்குள் முடித்தாக வேண்டியவன் எப்படி ரசித்துக் குடிப்பான்? இந்தக் குடி அந்தக் கடை கற்றுக்கொடுத்தது. நான் சொல்ல வருவது இவ்வளவுதான், மற்றதெல்லாம் சாட்சி.

ஜூன் 5

இந்தக் கதை எங்கள் ஊர்ப் பக்கத்தில் தொடங்கியது என்பது பலருக்குத் தெரியாது. ராஜாஜி 1925-ல் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் அமைத்தார். மதுவிலக்குக்கென்றே 'விமோசனம்' என்ற பத்திரிகை அங்கிருந்து வந்தது, கல்கி அதில் வேலை பார்த்தார். 1937-ல் ராஜாஜி சென்னை மாகாண அரசை அமைத்ததும் முதலில் மதுவிலக்கு வந்தது சேலம் மாவட்டத்துக்கு. திருச்செங்கோடு அப்போது அதற்குள் இருந்தது. போன வருமானத்தை ஈடுகட்ட 1939-ல் விற்பனை வரி கொண்டுவந்தார்கள். கள்ளுக்கடையை மூடியதற்காகப் பிறந்த வரி வளர்ந்து வளர்ந்து இன்று ஏறக்குறைய எல்லாப் பொருளிலும் ஜிஎஸ்டியாக உட்கார்ந்திருக்கிறது. குடிக்கிற மதுவுக்கோ ஜிஎஸ்டி கிடையாது. வேடிக்கைதான்.

1948-ல் மாகாணம் முழுக்க மதுவிலக்கு. 1971-ல் திறந்தார்கள். 1974-ல் மூடினார்கள். 1981-ல் மறுபடி திறந்தார்கள். 1987 ஜனவரி 1 முதல் கள்ளும் சாராயமும் இல்லை. 1990-ல் மலிவு விலை மது வந்து அடுத்த வருஷமே போனது. 2003-ல் சில்லறை விற்பனை மொத்தமும் டாஸ்மாக் கைக்கு வந்தது.

இதில் என் கணக்கில் பெரிய வருஷம் 1987. கள்ளில் ஆல்கஹால் ஐந்து சதவீதத்தை ஒட்டி இருக்கும். பிராந்தி, ரம் என்று நாம் வாங்குவதில் 42.8. மெல்லியதை மூடிவிட்டுக் கடுமையானதைத் திறந்து வைத்தார்கள். பனையை மாநில மரம் என்று வைத்துக்கொண்டு, அதே பாளையில் கட்டுகிற கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் குற்றம் என்கிற நிலை.

ஜூன் 5, பத்து நிமிஷம் கழித்து

சாமியையும் விட்டுவைக்கவில்லை. எங்கள் பக்கம் முனியப்பனுக்குச் சாராயமும் சுருட்டும் படைப்பது வழக்கம். 1987-க்குப் பிறகு அவருக்கும் குவார்ட்டர்தான்.

ஜூன் 6

கேரளத்தைப் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். பொள்ளாச்சியில் போர் போட்டுவிட்டு கோபாலபுரம் வழியாகப் பாலக்காட்டுச் சித்தூர் பக்கம் போனால் தென்னை ஒன்றுதான், மண் ஒன்றுதான், பாதிப் பேர் பேசுவது தமிழ்தான். ஆனால் அந்தப் பக்கத்துத் தென்னையில் கலயம் தொங்கும். சித்தூர்க் கள் மற்ற மாவட்டத்துக் கள்ளு ஷாப்புகளுக்கு வண்டி ஏறிப் போகிறது.

ஷாப்பு என்றால் பெஞ்சு, மேஜை, கப்பக்கிழங்கு, மீன் கறி, வாத்துக் கறி. சாப்பாட்டுக்காகவே குடும்பத்தோடு போகிற ஷாப்புகளும் உண்டு. முதல் தடவை எங்கள் பையன்களைக் கூட்டிப் போனபோது ஒரு கூத்து. ஒருவன் பாட்டிலை எடுத்து வழக்கம்போல ஒரே மடக்காக ஊற்றிக்கொண்டான். பரிமாறுகிறவர் பார்த்துச் சிரித்துவிட்டுக் கறித் தட்டை அவன் முன்னால் நகர்த்தி, "மெதுவா, மெதுவா, ஷாப்பு எங்கேயும் போகாது" என்றார். பையன் அடுத்த பாட்டிலுக்கு ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டான். ஒரு மணி நேரத்தில் ரத்தம் மாறியிருக்காது இல்லையா?

மற்றபடி மலையாளிகளும் தெளிவாக இல்லை. 1996-ல் சாராயத்தை ஒழித்தார்கள். 2014-ல் ஐந்து நட்சத்திர ஓட்டல் தவிர மற்ற பார்களை மூடும் கொள்கை கொண்டுவந்தார்கள், உச்ச நீதிமன்றமும் ஏற்றது. 2017-ல் அடுத்த அரசு வந்து அதைத் தளர்த்தியது, ஆனால் வயதை 21-லிருந்து 23 ஆக்கியது. மாதம் முதல் தேதி கடை இல்லை, சம்பளம் அப்படியே வீட்டுக்குப் போகட்டும் என்று. இரண்டாம் தேதி வரிசையைப் பார்த்தால் திட்டம் எவ்வளவு பலித்தது என்று தெரியும்.

நடுவில் மாஹி. பாண்டிச்சேரியின் துண்டு, சுற்றிலும் கேரளம். ஊருக்குள் 18 வயதுப் பையன் சட்டப்படி பீர் வாங்கலாம். பாலம் தாண்டினால் அவன் இன்னும் ஐந்து வருஷம் காத்திருக்க வேண்டும்.

ஜூன் 7

கள்ளைத் தூக்கிப் பிடிக்கிறேன் என்று இரண்டு பேர் சண்டைக்கு வந்திருக்கிறார்கள். கொஞ்சம் தணித்தே சொல்கிறேன். தெலங்கானாவில் கள் உண்டு, கள்ளுக் கடை உண்டு, உட்காரவும் இடம் உண்டு. ஆனால் ஹைதராபாத் பக்கம் பல இடங்களில் கள் என்ற பேரில் விற்பது குளோரல் ஹைட்ரேட், அல்பிரசோலம் என்கிற மயக்க மருந்துகள் கலந்த தண்ணீர். மரத்துக்கும் கடைக்கும் நடுவில் தூரம் கூடினால், தேவை மரத்தின் சுரப்பைத் தாண்டினால், பொடி உள்ளே வந்துவிடும். அதற்குப் பழகியவர்கள் நிறுத்தினால் கை கால் நடுங்கி ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள்.

ஆகக் கள் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. மரம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருக்கும் கள் வேறு, கம்பெனி மாதிரி ஓடுகிற கள் வேறு.

ஜூன் 9

மகாராஷ்டிரா. வெளியூர்க்காரர்கள் பலருக்குத் தெரியாத ஒரு சங்கதி: சட்டப்படி அங்கே குடிப்பதற்கே பர்மிட் வேண்டும். கடைக்கு லைசென்ஸ் இருந்தால் மட்டும் போதாது, குடிக்கிறவன் கையிலும் சீட்டு இருக்க வேண்டும். 1949-ல் பம்பாய் மாகாணம் போட்ட மதுவிலக்குச் சட்டம் இன்னும் புத்தகத்தில் இருக்கிறது, அதற்குள்தான் இத்தனை பாரும் நடக்கிறது. ஒரு நாள் பர்மிட், ஒரு வருஷம், ஆயுள் பர்மிட் என்று வகை வகையாக உண்டு. பீருக்கு 21, கடும் சரக்குக்கு 25. எங்கள் பையன்களில் பாதிப் பேர் 25 தாண்டாதவர்கள். கல்லை உடைக்கலாம், கம்ப்ரஷர் ஓட்டலாம், ஓட்டுப் போடலாம், விஸ்கி மட்டும் கூடாது.

அதே மாநிலத்தில் வார்தா மாவட்டத்தில் மதுவிலக்கு, காந்தியின் சேவாகிராம் ஆசிரமம் அங்கே இருப்பதால். கட்சிரோலியில் 1993 முதல் மதுவிலக்கு. சந்திரபூரில் 2015-ல் கொண்டுவந்தார்கள், 2021-ல் எடுத்துவிட்டார்கள். வார்தாவில் போர் போட்டால் சாயங்காலம் யாராவது ஒருவர் நாக்பூர் பக்கம் "டீசல் போட" கிளம்புவார். டீசல் பங்க் அடுத்த தெருவிலேயே இருக்கும்.

எனக்கு அங்கே பிடித்தது வேறொன்று. ஊரில் கடை வேண்டாம் என்று பெண்கள் மனுக் கொடுத்தால் வாக்கெடுப்பு நடத்தலாம். ஓட்டுச் சீட்டில் இரண்டு படம்: நிற்கிற பாட்டில், படுத்த பாட்டில். படுத்த பாட்டிலுக்குப் பாதிக்கு மேல் விழுந்தால் கடையை மூட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் புரிகிற ஓட்டு. இதை நம்ம ஊரில் வைத்தால் என்ன ஆகும் என்று கேட்டுப் பாருங்கள், எந்தக் கட்சியும் பதில் சொல்லாது.

ஜூன் 9, இரவு

குஜராத் விட்டுப்போனது. 1960-ல் மாநிலம் பிரிந்தபோதே அந்த 1949 சட்டத்தோடு பிறந்தது, இன்று வரை மதுவிலக்குதான். உடம்புக்கு வேண்டும் என்று டாக்டர் சீட்டு வாங்கினால் ஹெல்த் பர்மிட், வெளிமாநிலத்துக்காரருக்கு வேறு பர்மிட். 2023 டிசம்பரில் காந்திநகரில் கம்பெனிகளுக்கென்று கட்டிய கிஃப்ட் சிட்டிக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார்கள். காந்தி பேர் வைத்த ஊரில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவன் ஒயின் குடிக்கலாம், வெயிலில் துளை போடுகிறவன் குடிக்கக் கூடாது.

ஆனால் கிடைக்காமல் இல்லை. ஒரு பக்கம் டாமன், ஒரு பக்கம் டையூ, வடக்கே ராஜஸ்தான். காசு இருப்பவனுக்கு வீட்டு வாசலுக்கே வரும். காசு இல்லாதவனுக்குப் பொட்லி, அதாவது பிளாஸ்டிக் பையில் அடைத்த நாட்டுச் சரக்கு. 2009-ல் அகமதாபாத்திலும் 2022-ல் போட்டாடிலும் மெத்தனால் என்ற விஷச் சரக்கைக் குடித்துச் செத்தவர்கள் எல்லாம் பொட்லிக்காரர்கள். கடை திறந்திருக்கிற நம்ம மாநிலத்திலும் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேல் செத்தார்கள். எனவே மதுவிலக்கால்தான் கள்ளச்சாராயம் என்று முடிச்சுப் போடுகிறவர்களும் கொஞ்சம் நிதானிக்கலாம். கடை இருந்தும் கடையை விட மலிவாக எது கிடைக்கிறதோ அங்கே ஏழை போகிறான்.

ஜூன் 10

இதையெல்லாம் என் அக்காவிடம் படித்துக் காட்டினேன். மாமா ரிக்கில் ட்ரில்லராக இருந்தவர், குடியில் போனவர். அக்கா சொன்னது: "உக்காந்து குடிச்சா என்ன, நின்னுக்கிட்டு குடிச்சா என்ன? எந்தப் பொம்பளையாவது இதுல வந்து பேசினாளா? அட்வான்ஸ் வாங்கின காசு எந்த ஊர்ல போச்சுன்னு எழுது."

எழுதுகிறேன். ரிக் பையனுக்கு முதலிலேயே ஒரு தொகை வீட்டில் அட்வான்ஸ், அப்புறம் ரோட்டில் செலவுக்காசு. செலவுக்காசு போதாமல் மேற்கொண்டு வாங்குவது பெரும்பாலும் குடிக்கு. கணக்கு முடிக்கிற நாளில் பையன் ஊருக்குக் கொண்டு போவது ஒன்றுமில்லை, சில சமயம் கடன். அந்தக் கணக்கை எழுதியவன் நான். எந்த மாநிலத்தில் அதிகம் போனது என்று பார்த்தால், பாட்டில் விலை கூடிய மாநிலத்தில்தான். குடி குறையவில்லை, வீட்டுக்குப் போன காசுதான் குறைந்தது.

பெண்கள் வந்து பேசிய ஊரும் உண்டு, அக்காவுக்காகச் சேர்த்துவிடுகிறேன். நெல்லூர் மாவட்டம் தூபகுண்டா. அறிவொளி வகுப்பில் படிக்க வந்த பெண்கள், பாடத்திலேயே சாராயத்தால் கெட்ட குடும்பத்தின் கதையைப் படித்துவிட்டு, ஊர்ச் சாராயக் கடையை மூட வைத்தார்கள். 1992-ல் அது மாநிலம் முழுக்கப் பரவியது. ஏலத்தையே நடத்த விடவில்லை. 1993-ல் ஆந்திராவில் சாராயம் போனது, 1995-ல் என்.டி.ராமாராவ் முழு மதுவிலக்கே கொண்டுவந்தார், 1997-ல் சந்திரபாபு நாயுடு எடுத்தார். நெல்லூர் பக்கம் போர் போடப் போனால் இன்றும் வயதான அம்மாக்கள் அந்தக் கதையைச் சொல்வார்கள், குரலில் ஒரு கெத்தோடு.

ஜூன் 12

பஸ்தர் பற்றி எழுதச் சொன்னார்கள். இதற்காகவே காத்திருந்தேன்.

சத்தீஸ்கரில் ஜகதல்பூரைத் தாண்டிப் போனால் ஊர் ஊராகச் சல்பி மரம். நம்ம கூந்தல் பனை, மலைப் பக்கம் பார்த்திருப்பீர்கள். அங்கே வீட்டுக்கு எத்தனை சல்பி மரம் என்பது சொத்துக் கணக்கு. காலையில் ஏறி இறக்குவார்கள். அப்போது இனிப்பு, வெயில் ஏற ஏறப் புளிக்கும். அப்புறம் இலுப்பைப் பூ, மகுவா. மார்ச், ஏப்ரலில் ராத்திரி பூ உதிரும், விடியும் முன்னால் பெண்களும் குழந்தைகளும் கூடையோடு மரத்தடியில் இருப்பார்கள். காய வைத்து, ஊறப் போட்டு, வடிப்பார்கள். ஆதிவாசி குடும்பம் சொந்த உபயோகத்துக்கு ஐந்து லிட்டர் வரை வைத்துக்கொள்ள அங்கே சட்டமே இடம் கொடுக்கிறது.

வாரச் சந்தையில் விற்பவர்கள் பெண்கள். அலுமினியக் குண்டானில் ஒன்று, பானையில் ஒன்று, இலையைக் குச்சியால் தைத்த தொன்னை அடுக்கு ஒன்று. வாங்குகிற ஆள் தரையில் குந்தி உட்கார்ந்து, இரண்டு சொட்டு மண்ணில் விடுவார். முன்னோருக்கு. அப்புறம்தான் வாய்க்கு. கிழவர் குடிப்பார், அவர் மனைவி குடிப்பாள், மருமகள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு குடிப்பாள். யாரும் முகத்தைச் சுளிப்பதில்லை, திரும்பிப் பார்ப்பதும் இல்லை. உப்பு போட்ட அவித்த கடலை, சிவப்பு எறும்புத் துவையல். எறும்புத் துவையலை ஒரு தடவை வாயில் வைத்தேன், புளிப்பு நன்றாகத்தான் இருந்தது. எங்கள் டிரைவர் மட்டும் அந்த வாரம் முழுக்க என்னோடு ஒரே தட்டில் சாப்பிடவில்லை.

இதோடு நிறுத்தினால் சொர்க்கம் என்று நினைப்பீர்கள். அதே ஊர் மெயின் ரோட்டில் அரசுக் கடை உண்டு, கம்பி போட்டது. சந்தையில் காலை முழுக்கத் தொன்னையை வைத்துக்கொண்டு கதை பேசிய அதே ஆளை, சாயங்காலம் அந்தக் கடை வாசலில் பார்த்தேன். குவார்ட்டரைத் திறந்தார், தண்ணீர் ஊற்றினார், ஒரே மடக்கு, உதட்டைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? அவர் தமிழ்நாட்டைப் பார்த்ததே இல்லை.

ஜூன் 13

பீகாருக்கு ரிக் குறைவாகத்தான் போகும், அதனால் சுருக்கமாக. 2016 ஏப்ரலிலிருந்து முழு மதுவிலக்கு. தொடக்கத்தில் வீட்டில் பாட்டில் கிடைத்தால் வீட்டிலுள்ள பெரியவர்கள் எல்லாரையும் பிடிக்கலாம் என்று இருந்தது, 2018-ல் மாற்றினார்கள். சிறையும் கோர்ட்டும் நிரம்பியதும் 2022-ல் முதல் தடவை மாட்டினால் 2,000 முதல் 5,000 ரூபாய் அபராதம் என்று இறங்கி வந்தார்கள். பிடித்து வைத்த சரக்கு எங்கே என்று கேட்டபோது, எலி குடித்துவிட்டது என்று போலீஸ் சொன்னதாக 2017-ல் வந்த செய்தி நாடு முழுக்கச் சிரிக்க வைத்தது. எலிக்கு ஊதுகுழாய் வைத்துப் பார்த்தார்களா என்று தெரியவில்லை.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் பீகாரில் குடிக்கிற ஆண்கள் 15.5 சதவீதம். பார் நிறைந்த மகாராஷ்டிராவில் 13.9.

ஜூன் 15

அந்த ஆய்வின் மற்ற எண்களைக் கேட்டார்கள். 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் நாடு முழுக்க சுமார் 19 சதவீதம், தமிழ்நாட்டில் சுமார் 25, கேரளத்தில் சுமார் 20, தெலங்கானாவில் 43, அருணாசலப் பிரதேசத்தில் 53. அருணாசலத்தில் பெண்களில் 24 சதவீதம், நாடு முழுக்கப் பெண்களில் ஒரு சதவீதம்தான்.

"கேரளாக்காரன்தான் பெரிய குடிகாரன்" என்று இங்கே எழுதியவர் இதைப் பார்க்கட்டும். அருணாசலத்தில் அரிசியிலும் கேழ்வரகிலும் வீட்டிலேயே செய்கிற அபோங் இருக்கிறது. விருந்தாளிக்குக் கொடுப்பது, பெண்கள் செய்வது. குடிப்பவர்கள் எத்தனை பேர் என்பது ஒன்று, குடி எத்தனை வீட்டைக் கெடுத்தது என்பது இன்னொன்று. முதலாவதைத்தான் இந்த எண் சொல்கிறது.

வடகிழக்கில் எல்லாம் அப்படி இல்லை. நாகாலாந்தில் சர்ச் கேட்டு 1989-ல் மதுவிலக்கு. மிசோரத்திலும் சர்ச்தான், நடுவில் சில வருஷம் கடை திறந்து 2019-ல் மறுபடி மூடினார்கள். லட்சத்தீவிலும் பொதுவாக மதுவிலக்குதான். சிக்கிமில் தோங்பா என்று மூங்கில் குடுவையில் புளித்த கேழ்வரகைப் போட்டு வெந்நீர் ஊற்றி உறிஞ்சுவார்கள், திரும்பத் திரும்ப வெந்நீர் ஊற்றலாம். ராணுவத்தில் இருந்த எங்கள் சித்தப்பா சொன்னது இது.

சித்தப்பா பேச்சு வந்ததால்: எந்த மாநிலச் சட்டத்துக்கும் அசராத ஒரு வஸ்து உண்டு, மிலிட்டரி சரக்கு. கோட்டாவில் வருகிற அந்த ரம் பாட்டிலுக்காக ஊரில் சித்தப்பாவுக்கு இருக்கிற மரியாதை, அவர் வாங்கிய மெடலுக்குக் கிடையாது.

ஜூன் 18

கோவா ஆளைப் பற்றிக் கேட்டவருக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. முந்திரிப் பழத்தைப் போர்ச்சுகீசியர் கொண்டுவந்தார்கள், ஊர்க்காரர்கள் அதை மிதித்துச் சாறெடுத்து வடித்தார்கள். முதல் வடிப்பு உர்ராக், கோடையில் மட்டும் கிடைக்கும், லேசானது. மறுபடி வடித்தால் பெனி. 2009-ல் புவிசார் குறியீடு, 2016-ல் மாநிலப் பாரம்பரிய பானம் என்ற அந்தஸ்து. சர்ச்சுக்குப் போகிற வழியில் சின்னச் சின்னத் தவேர்னா என்கிற குடிக்கடை, நாலு ஸ்டூல், உள்ளூர்க் கிழவர்கள். அந்தச் சாராயத்தை யாரும் ஒழிக்கவில்லை, அதனால் அது பழகின பண்டமாக இருக்கிறது. ஆனால் அதே கோவாவின் கடற்கரையில் சனிக்கிழமை ராத்திரி பஸ் பிடித்து வந்து மணலில் விழுந்து கிடப்பவர்களையும் பாருங்கள். தமிழ் மட்டும் இல்லை, எல்லா பாஷையும் கேட்கும்.

ஜூன் 18, மறுபடி

நெடுஞ்சாலை விவகாரத்தை யாரோ நினைவுபடுத்தினார்கள். 2017 ஏப்ரல் 1 முதல் தேசிய, மாநில நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. சில மாநிலங்கள் நெடுஞ்சாலை என்ற பெயரையே எடுத்து மாவட்டச் சாலை ஆக்கின. கேரளத்தில் பரவூர்ப் பக்கம் ஒரு பார்க்காரர் கட்டடத்தை அசைக்காமல், வாசலுக்கு முன்னால் சுற்றிச் சுற்றிப் போகிற நடைபாதை கட்டி 500 மீட்டர் ஆக்கிவிட்டார். குடித்துவிட்டு அதில் திரும்பி வருவது எப்படி என்று அவர் யோசித்திருப்பாரா?

நம்ம ஊரில் அது சிரிப்பாக முடியவில்லை. ரோட்டில் இருந்த கடைகள் வயல் பக்கமும் குடியிருப்புப் பக்கமும் நகர்ந்தன. திருப்பூர் சாமளாபுரம் உட்படப் பல ஊரில் பெண்கள் மறியல் செய்தது அந்த ஏப்ரலில்தான். தூரத்தை அளந்தவர்கள் ரோட்டிலிருந்து மட்டும் அளந்தார்கள், வீட்டிலிருந்து அளக்கவில்லை.

ஜூன் 20

"அப்போ நாடு முழுக்க ஒரே சட்டம் சரியா, தப்பா?" என்று நேராகக் கேட்கிறார் ஒருவர்.

நடக்காது. அரசியல் சட்டத்தில் மது மாநிலப் பட்டியலில் இருக்கிறது. 47-வது பிரிவு மதுவிலக்கை நோக்கிப் போகச் சொல்கிறது, ஆனால் அது வழிகாட்டும் கொள்கை, கோர்ட்டில் போய்க் கேட்க முடியாது. ஜிஎஸ்டி வந்தபின் மாநிலங்கள் கையில் சொந்தமாக மிஞ்சிய பெரிய வரிகளில் ஒன்று இது. தமிழ்நாட்டுக்கு வருஷம் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். எந்த நிதியமைச்சர் இதை டெல்லிக்குத் தூக்கிக் கொடுப்பார்?

நடந்தாலும் எனக்குப் பிடிக்காது. தொன்னையில் குடிக்கிற பஸ்தர்க் கிழவிக்கும், டெல்லியில் 25 வயது ஆகக் காத்திருக்கிற பையனுக்கும், சர்ச் சொல்லி மூடிய மிசோரத்து ஐஸ்வாலுக்கும் ஒரே சட்டத்தை எப்படித் தைப்பது? எனக்கு வேண்டியது சின்னது. மரம் ஏறுகிறவன் இறக்கி அதே ஊரில் விற்கட்டும். பாட்டில் கடை வேண்டுமா வேண்டாமா என்று அந்த ஊர்ப் பெண்கள் ஓட்டுப் போடட்டும். நிற்கிற பாட்டில், படுத்த பாட்டில். இரண்டும் சேர்ந்து வர வேண்டும். ஒன்று மட்டும் வந்தால் அக்கா என்னைச் சும்மா விட மாட்டாள்.

ஜூன் 24

ஒரு விஷயம் நேற்று நடந்தது, வாதத்துக்கு உதவும் என்பதால் சொல்கிறேன். இப்போதெல்லாம் ரிக்கில் நம்ம பையன்கள் குறைவு, சத்தீஸ்கர், ஒடிசா, பீகார் பையன்கள்தான். எங்கள் வண்டியில் ஒரு பஸ்தர்ப் பையன் இருக்கிறான். வீட்டில் சல்பி மரம் உண்டு, சின்ன வயதிலிருந்து தொன்னையில் பார்த்து வளர்ந்தவன். மழைக்கு வண்டி நிற்கிறது, அவன் ஊருக்குப் போகவில்லை, பட்டறையில் தங்கியிருக்கிறான். நேற்று சாயங்காலம் கடைத் தெருவில் பார்த்தேன். மதில் மேல் இரண்டு டம்ளர், எதிரே முன்பின் தெரியாத ஒரு லோடுமேன், கண் மட்டத்துக்குக் குனிந்து அளவு பார்க்கிறான். பாக்கெட்டைக் கடித்துப் பீய்ச்சினான். மண்ணில் சொட்டு விடவில்லை. என்னைப் பார்த்ததும் டம்ளரை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

அவனுக்குத் தமிழில் முதலில் வந்த சொல் "அண்ணே". இரண்டாவது "கட்டிங்".

ஜூன் 25

ஆகஸ்ட்டில் கன்னியாகுமரி வழியாகத் திருவனந்தபுரம் போகிறவர் கேட்டதற்கு: தமிழ்நாட்டில் ஆகஸ்ட் 15 கடை கிடையாது. கேரளத்தில் மாதத்தின் முதல் தேதி கிடையாது. எங்கேயாவது தேர்தல் நடந்தால் வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரம் அந்தத் தொகுதியில் கிடையாது. பையில் பாட்டில் வைத்துக்கொண்டு களியக்காவிளை தாண்டாதீர்கள், அந்தப் பக்கம் போய் வாங்கிக்கொள்ளுங்கள். கூட வருகிற தம்பிக்கு 22 என்றால் அவனுக்கு அங்கே சர்பத்துதான்.